கூட்டுத் தொழிலும் கம்பெனிப் பதிவும்

இராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அமைந்திருக்கும் ஊர் தங்கச்சிமடம். இவ்வூருக்குக் கடல் ஒரு கை, மல்லிகை மறு கை. இங்கே பதியன் போட்டு வளர்க்கும் மல்லிகை நாற்றுகள் தமிழகம் முழுவதற்கும், வெளி மாநிலங்களுக்கும் போகின்றன. கரைப் பக்கம் சென்றால் நண்டு, கணவாய், இறால், கருவாடு, ஐஸ் என்று வேறு உலகம். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு லாரி கரைக்கே வருகிறது. சிறு முதல் உள்ளவர்களும் இருவர் மூவராகச் சேர்ந்து ஏதேனும் ஒரு தொழிலில் இறங்க வழி பிறந்திருக்கிறது.

இப்படிச் சேருகிறவர்கள் எப்படிச் சேருகிறார்கள்? பெரும்பாலும் வாய்ச் சொல்லால்தான். ஒருவர் ரூபாய் போடுவார். ஒருவர் தம் வள்ளத்தையும் வலையையும் கொண்டு வருவார். மூன்றாமவர் ஏஜெண்டுகளையும் வண்டிக்காரர்களையும் அறிந்தவர், உழைப்பைக் கொண்டு வருவார். "லாபம் வந்தால் பார்த்துக்கொள்வோம், மச்சான்" என்ற ஒரு வார்த்தையில் தொழில் தொடங்கிவிடும். கடை, படகு, மின் இணைப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் யாராவது ஒருவர் பெயரில் இருக்கும். அந்த ஒருவர் மவுத்தாகிவிட்டால் என்ன ஆகும்? படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைக் கரையிலே நின்றுவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? 2018-இல் இலங்கை அரசு தன் சட்டத்தைத் திருத்தி, அந்நிய மீன்பிடிப் படகுகளுக்கான அபராதத்தை மிகக் கடுமையாக்கிய பிறகு இக்கேள்வி எல்லாக் கரைகளிலும் எழுந்து நிற்கிறது. பதில் எழுதி வைக்கப்படாத இடங்களில் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு வழக்கு வருகிறது. இரு குடும்பங்கள் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொள்கின்றன. கடைசியில் விதவையும் யதீம்களும் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

ஆகவே கூட்டு வியாபாரம் பற்றி ஷரீஅத் கூறுவது என்ன, நாட்டுச் சட்டம் கூறுவது என்ன, இரண்டையும் எப்படி இணைத்து ஒரு சிறு தொழிலைப் பதிவு செய்துகொள்வது என்பதை இவ்விதழில் ஆராய்வோம்.

எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல

"நமக்குள் என்ன பத்திரம்?" என்று கேட்பதைப் பெருந்தன்மை என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். குர்ஆன் ஷரீபிலேயே மிக நீளமான ஆயத்து எதைப் பற்றியது என்று இவர்களிடம் கேட்க வேண்டும். தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. சூரத்துல் பகராவின் 282-ஆம் ஆயத்து கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுத்தர் நியாயமாக எழுத வேண்டும். கடன்பட்டவர் தாமே வாசகத்தைச் சொல்ல வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பக் கூடாது என்றெல்லாம் அதில் கட்டளைகள் வருகின்றன. கையோடு கை மாறும் ரொக்க வியாபாரத்தை எழுதாவிட்டால் மட்டும் குற்றமில்லை. ஆண்டுக் கணக்கில் நீளும் கூட்டு வியாபாரம் கையோடு கை மாறுவதன்று.

இரு கூட்டாளிகளுள் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாதவரை அல்லாஹ் அவர்களோடு மூன்றாமவனாக இருக்கிறான் என்னும் கருத்துள்ள ஹதீஸை அபூதாவூத் (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களே நபித்துவத்துக்கு முன் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கோடு ஷாம் தேசம் சென்று வந்தவர்கள். கூட்டு வியாபாரம் நமக்கு அந்நியமான விஷயமே அல்ல.

ஷாபிஈ கிதாபுகளில் கூட்டு

நம் கடலோர ஊர்களில் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரே மிகுதி. இம்மத்ஹபில் கூட்டு வியாபாரச் சட்டம் மிகக் கறாரானது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஷிர்கத்து நான்கு வகையாகச் சொல்லப்பட்டு, ஒன்று மட்டுமே செல்லும் என்று முடிவு கூறப்பட்டிருக்கிறது. முதல் இல்லாமல் உழைப்பை மட்டும் கூட்டுவது (அப்தான்), லாப நஷ்டம் அனைத்திலும் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது (முஃபாவளா), கையில் பணமின்றி நாணயத்தை வைத்துக் கடனுக்குச் சரக்கெடுத்து லாபத்தைப் பங்கிடுவது (உஜூஹ்) ஆகிய மூன்றும் செல்லா. ஒவ்வொருவரும் முதல் போட்டு, இன்னாருடையது என்று பிரித்தறிய முடியாதபடி அதனை ஒன்றாகக் கலந்து, ஒருவருக்கொருவர் வியாபாரம் செய்ய அனுமதி கொடுத்து நடத்தும் 'இனான்' கூட்டே செல்லுபடியாகும்.

இங்கேதான் நம் கரை வழக்கத்துக்குச் சிக்கல் வருகிறது. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது காலங்காலமாக வந்த முறை. ஆனால் ஒருவர் தம் வலையை மற்றொருவரிடம் கொடுத்து, "நீ பிடித்துவா, கிடைப்பதில் ஆளுக்குப் பாதி" என்றால் அந்த ஒப்பந்தம் பழுதானது. மீன் பிடித்தவருக்கே சொந்தம், வலைக்காரருக்கு அதன் நியாயமான வாடகை மட்டுமே உண்டு என்று நம் மத்ஹபின் ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். ஹன்பலி மத்ஹபில் இமாம் இப்னு குதாமா (ரஹ்) போன்றோர் இதற்கு இடம் தந்திருக்கிறார்கள். எனவே கரை வழக்கம் முழுவதையும் ஹராம் என்று எவரும் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். வழக்கத்தைச் சற்று மாற்றி எழுதினால் நம் மத்ஹபிலேயே வழி இருக்கிறது.

அவ்வழியையும் மின்ஹாஜே காட்டுகிறது. ஒருவரிடம் வள்ளம் இருக்கிறது, மற்றவரிடம் என்ஜினும் வலையும் இருக்கின்றன. இவற்றைக் காசைப்போல் ஒன்றாகக் கலக்க முடியாது. ஆதலால் வள்ளக்காரர் தம் வள்ளத்தில் ஒரு பகுதியை, மற்றவருடைய என்ஜின் வலையில் ஒரு பகுதிக்கு விற்றுவிட வேண்டும். இப்போது வள்ளம், என்ஜின், வலை மூன்றும் இருவருக்கும் பொதுவாகிவிடும். பிறகு ஒருவருக்கொருவர் அனுமதி கொடுத்துக்கொள்ள வேண்டும். இந்த விற்பனையை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடாததால்தான் பத்து வருடம் கழித்து, "வள்ளம் என் வாப்பாவுடையது" என்று ஒருவர் மகனும், "பாதி எங்களுடையது" என்று மற்றவர் மகனும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

லாபமும் நஷ்டமும்

ஷாபிஈ மத்ஹபில் லாபமும் நஷ்டமும் முதலின் விகிதப்படியே பிரிய வேண்டும். வேலையில் கூடுதல் குறைவு இருந்தாலும் சரியே. இதற்கு மாறாக நிபந்தனை போட்டால் ஒப்பந்தம் பழுதாகிவிடும். நாட்டுச் சட்டம் இங்கே வேறு வழியில் போகிறது. 1932-ஆம் ஆண்டின் இந்தியப் பாகஸ்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பங்காளிகள் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதபோது லாபத்தையும் நஷ்டத்தையும் தலைக்குச் சமமாகப் பிரிக்கச் சொல்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நண்டு வாங்கி அனுப்பும் தொழிலில் மூவர் முறையே 3 லட்சம், 2 லட்சம், 1 லட்சம் ரூபாய் போடுகிறார்கள். 60,000 ரூபாய் நஷ்டம் வருகிறது. ஷரீஅத்தின்படி 30,000, 20,000, 10,000 என்று அவரவர் முதலுக்குத் தக்கபடி நஷ்டம் பிரியும். பத்திரம் இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால் ஆளுக்கு 20,000. ஒரு லட்சம் போட்ட ஏழைப் பங்காளி தம் கடமையைப் போல் இரு மடங்கு சுமக்க நேரும். லாபம் வந்தால் அதே சட்டம் பெரிய முதல் போட்டவருக்குப் பாதகமாகத் திரும்பும். ஆனால் பிரிவின் வாசகத்தைக் கவனியுங்கள்: ஒப்பந்தம் இல்லாதபோதுதான் அது பொருந்தும். முதலின் விகிதப்படி பிரிப்போம் என்று நாம் எழுதிக்கொண்டால் சட்டம் தடுப்பதில்லை. எழுதுகிறவர்களுக்குச் சட்டம் வழிவிடுகிறது; எழுதாதவர்களுக்குத் தானே ஒப்பந்தத்தை எழுதிவிடுகிறது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. இது பலர் கவனத்துக்கு வருவதில்லை. ஆடிட்டரிடமோ பத்திர எழுத்தரிடமோ போனால் அவர்கள் கையில் அச்சடித்த மாதிரி ஒப்பந்தம் ஒன்று தயாராக இருக்கும். அதில், 'பங்காளிகளின் முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி' என்று ஒரு வாசகம் வருவது சகஜம். வருமான வரிக் கணக்கில் அந்த அளவு வரை செலவாகக் கழிக்க இடமிருப்பதால் அப்படி எழுதுகிறார்கள். ஐவேளை தொழுகிற பங்காளிகள் மூவர் அதை வாசிக்காமலே கையொப்பமிட்டுவிட்டு வருகிறார்கள்! லாபம் வந்தாலும் வராவிட்டாலும் போட்ட முதலுக்கு இன்ன தொகை நிச்சயம் என்று குறிப்பது கூட்டையே முறித்துவிடும். இதில் இமாம்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அவ்வாசகத்தை அடித்துவிடச் சொல்லுங்கள். சட்டப்படி முதலுக்கு வட்டி கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் மக்கள் இருவரைப் பற்றி முவத்தாவில் வரும் வரலாறு இவ்விடத்துக்குப் பொருத்தமானது. பஸராவின் ஆளுநர் அபூமூஸல் அஷ்அரி (ரலி) அவர்கள், மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பைத்துல்மால் பணத்தை அவ்விருவரிடம் கடனாகக் கொடுத்தார்கள். அவர்கள் இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று லாபம் கண்டார்கள். "படையிலிருந்த எல்லோருக்கும் இப்படிக் கொடுத்தாரா?" என்று கேட்ட உமர் (ரலி) அவர்கள், முதலையும் லாபத்தையும் சேர்த்தே செலுத்தச் சொன்னார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் மௌனமாக இருந்தார்கள். உபைதுல்லாஹ் அவர்களோ, பணம் அழிந்திருந்தால் நாங்கள்தாமே ஈடு செய்திருப்போம் என்று வாதாடினார்கள். சபையிலிருந்த ஒருவர், இதைக் கிராளாக ஆக்கிவிடலாமே என்று யோசனை சொல்ல, முதலும் பாதி லாபமும் பைத்துல்மாலுக்கும், மீதிப் பாதி அவ்விருவருக்குமாகத் தீர்ந்தது. கிராள் என்பது ஒருவர் பணமும் மற்றவர் உழைப்புமாகச் சேர்வது. முளாரபா என்பதும் அதுவே. லாபம் பேசிய விகிதப்படி பிரியும். நஷ்டம் வந்தால் பணக்காரருக்குப் பணம் போயிற்று, உழைத்தவருக்கு உழைப்புப் போயிற்று.

உழைப்பை மட்டும் கொண்டுவரும் மூன்றாம் பங்காளிக்கு இதுவே வாசல் என்று தோன்றும். வாங்கி விற்கும் தொழிலுக்கு அப்படித்தான். ஆனால் கோதுமை வாங்கி அரைத்து ரொட்டி சுட்டு விற்பதென்று கிராள் செய்தால் செல்லாது என்று மின்ஹாஜில் வருகிறது; கிராள் வியாபாரத்துக்குரியது, கைத்தொழிலுக்குரியதன்று. மீனை வாங்கி உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக விற்பதும் இவ்வகையில் சேரும். அத்தகைய தொழிலில் உழைக்கிறவருக்கு மாதச் சம்பளத்தைத் தனி ஒப்பந்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் லாபத்தை முதலின் விகிதப்படி பிரிப்பது நேரான வழி. ஹனபி மத்ஹபில் உழைக்கும் பங்காளிக்கு முதலின் விகிதத்தைவிடக் கூடுதல் லாபம் பேசிக்கொள்ள இடமுண்டு. எதைப் பின்பற்றுவதாயினும் தொடங்கும் முன்னே ஊர் ஆலிமிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுவது நல்லது. நஷ்டம் வந்த பிறகு மத்ஹபைத் தேடுவது அழகல்ல.

பாகஸ்தப் பதிவு

பாகஸ்த நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டியது கட்டாயமில்லை. ஆனால் பதியாத நிறுவனத்தின் நிலைமை பரிதாபமானது. சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, அது தனக்குப் பணம் தரவேண்டிய வெளியாள்மீது, ஒப்பந்தத்தை வைத்து வழக்குத் தொடர முடியாது. பங்காளிகள் ஒருவர்மீது ஒருவரும் ஒப்பந்த உரிமைக்காக வழக்காட முடியாது. நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குக் கேட்பது போன்ற சில வழிகளே திறந்திருக்கும். வெளியாள் நம்மீது வழக்குப் போடுவதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை! வெளியூர் ஏஜெண்டுக்கு மூன்று லோடு நண்டு அனுப்பிவிட்டுப் பணத்துக்கு அலைகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதிவு செய்வது எளிது. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, நிறுவனத்தின் பெயர், தொழில் நடக்கும் இடம், பங்காளிகளின் பெயர் முகவரி, ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி ஆகியவற்றைக் குறித்த விண்ணப்பத்தில் எல்லாரும் கையொப்பமிட்டு, நிறுவனப் பதிவாளராகவும் இருக்கும் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பிறகு நிறுவனத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு. உத்யம் பதிவுக்குக் கட்டணமில்லை. மீன், கருவாடு உணவுப் பொருளாதலால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

பாகஸ்தத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. 25-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் கடனுக்கு எல்லாப் பங்காளிகளும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. நிறுவனத்துக்கு 12 லட்சம் கடன், சொத்து 4 லட்சம் என்றால், மீதி 8 லட்சத்தையும் கடன் கொடுத்தவர் ஒரே பங்காளியிடம் வசூலிக்கலாம். ஒரு லட்சம் போட்டவரின் வீடும், அவர் மனைவியோடு கூட்டாக வைத்திருக்கும் நிலத்தில் அவர் பங்கும் இதற்கு இரையாகலாம்.

கம்பெனி என்னும் ஆள்

இக்குறைக்கு மாற்றாக ஏற்பட்டவையே லிமிடெட் கம்பெனியும், 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த எல்.எல்.பி. என்னும் வரையறுத்த பொறுப்புள்ள பாகஸ்தமும். இவை சட்டத்தின் கண்ணில் தனி ஆட்கள். சொத்து அவற்றின் பெயரில் இருக்கும், கடனும் அவற்றின் பெயரில்தான். பங்காளி தாம் போட ஒப்புக்கொண்ட முதலோடு நின்றுவிடுகிறார்.

உயிரில்லாத ஒன்று சொத்துக்கு உடைமையாளராவதா என்று சிலர் வியக்கிறார்கள். பள்ளிவாசலுக்குச் சொத்து எழுதி வைக்கிறோமே, வக்ஃபுக்கு வரவு செலவு இருக்கிறதே, பைத்துல்மால் கொடுக்கவும் வாங்கவும் செய்ததே! ஃபிக்ஹுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. கடனுக்கு வரம்பு கட்டுவது பற்றி இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் ஜித்தாவில் கூடி ஆராய்ந்தது. கம்பெனியின் பொறுப்பு அதன் முதலோடு நிற்கும் என்பது கொடுக்கல் வாங்கல் செய்வோருக்கு முன்பே தெரிந்திருப்பதால் ஏமாற்று அங்கே இல்லை, ஆகவே அத்தகைய கம்பெனி அமைக்கத் தடையில்லை என்பது அதன் முடிவு. முதலுக்கு உத்தரவாதமோ நிச்சய லாபமோ தரும் முன்னுரிமைப் பங்குகள் கூடாது என்றும் அதே தீர்மானத்தில் கண்டிருக்கிறது. சாதாரணப் பங்குகளுக்கு லாபம் பங்கின் விகிதப்படிதான் வரும். ஆகவே ஷாபிஈ மத்ஹபின் லாபச் சட்டத்துக்குப் பாகஸ்தச் சட்டத்தைவிடக் கம்பெனிச் சட்டமே நெருக்கமாக இருப்பதைக் காணலாம்.

ஆயினும் ஷஹீதானவருக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்ற ஹதீஸை நாம் மறப்பதற்கில்லை. கம்பெனியை முழுக்கிவிட்டுச் சொந்தப் பணத்தில் மாடி வீடு கட்டுகிறவருக்கு இந்த அனுமதி பொருந்துமென்று நாம் கருதவில்லை.

நம் கரையோரத்திலேயே பழைய முன்மாதிரி ஒன்றுண்டு. 1906 அக்டோபர் 16-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்களின் முயற்சியால் சுதேசிக் கப்பல் கம்பெனி லிமிடெட் பதிவாயிற்று. மொத்த முதல் 10 லட்சம் ரூபாய்; அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுத்தார்கள். கம்பெனித் தலைவர் இராமநாதபுரம் சமஸ்தானக் குடும்பத்தவரும், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவருமான பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் மட்டும் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். கப்பல் வாங்கத் தனி ஒருவரால் இயலாது. 25 ரூபாய்க்காரர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் இயலும் என்பதே அதன் சூட்சுமம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓடியது. எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இனாமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908-இல் பிள்ளையவர்கள் சிறை சென்றார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதில் 25 ரூபாய் போட்டவருக்கு அந்த 25 ரூபாயோடு நஷ்டம் நின்றது. வீட்டு வாசலுக்குக் கடன்காரன் வரவில்லை.

இன்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி தனியார் கம்பெனிக்கு இரண்டு பேர் போதும். 200 பேர் வரை சேரலாம். குறைந்தபட்ச முதல் என்று இருந்த ஒரு லட்சம் ரூபாய் நிபந்தனையும் 2015-இல் நீக்கப்பட்டுவிட்டது. இயக்குநர்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் வாங்க வேண்டும். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் 'ஸ்பைஸ் பிளஸ்' என்னும் படிவத்தின் முதல் பகுதியில் பெயரையும், இரண்டாம் பகுதியில் ஏனைய விவரங்களையும் கொடுக்க வேண்டும். கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் மெமோரண்டமும், நடைமுறையைச் சொல்லும் ஆர்ட்டிகிள்ஸும் உடன் போக வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு அண்மைக் காலத்து மின் கட்டண ரசீதும், கட்டிடம் பிறருடையதாயின் அவர் சம்மதக் கடிதமும் வேண்டும். 15 லட்சம் வரை முதலுள்ள கம்பெனிக்கு மத்தியப் பதிவுக் கட்டணம் இல்லை. முத்திரைக் கட்டணமும் ஆடிட்டர் கூலியும் உண்டு. சான்றிதழோடு பான் எண்ணும் சேர்ந்தே வருகிறது. முதலை வங்கியில் செலுத்திவிட்டதாக 180 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். இதைச் செய்ய மறந்து மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

இதன் பிறகுதான் உண்மையான சுமை. விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். பிந்தினால் படிவம் ஒன்றுக்கு நாளைக்கு 100 ரூபாய் வீதம் ஏறும். எல்.எல்.பி.க்கு விற்பனை 40 லட்சத்தையும் முதல் 25 லட்சத்தையும் தாண்டாதவரை தணிக்கை கட்டாயமில்லை. ஆனால் ஆண்டறிக்கைகள் இரண்டு உண்டு. ஆறு லட்சம் முதலுள்ள மூவர் எடுத்தவுடன் கம்பெனிக்கு ஓட வேண்டாம் என்பதே நம் கருத்து. பதிவு செய்த பாகஸ்தத்தில் தொடங்கலாம். கடனுக்குச் சரக்கெடுக்கும் அளவு கூடும்போது எல்.எல்.பி.க்கு மாறலாம். ஏற்றுமதியும் வெளியார் முதலும் வரும் காலத்தில் கம்பெனி. படகைக் கம்பெனி பெயருக்கு மாற்ற நினைப்பவர்கள், டீசல் மானியம் முதலிய சலுகைகள் என்னாகும் என்பதை முதலில் மீன்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நாற்றுப் பண்ணை, நண்டு, கருவாடு, ஐஸ் போன்ற கரைத் தொழில்களுக்கே இவ்வமைப்புகள் நன்கு பொருந்தும்.

லிமிடெட் என்றாலும் வங்கி கடன் தரும்போது இயக்குநர்களின் சொந்த ஜாமீன் கேட்கும். கையொப்பமிட்ட அன்றே வீட்டுக்கு இருந்த காப்பு நீங்கிவிடும். கம்பெனி வாங்கினாலும் வட்டி வட்டிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கி, அதற்காகப் பிடிக்கும் மீனை விலை குறைத்து அவருக்கே கொடுக்க ஒப்புக்கொள்வதும் கடனால் ஆதாயம் தேடுவதாகவே முடிகிறது. அதற்குப் பதிலாக அக்கடைக்காரரையே முதல் போட்ட பங்காளியாக்கிக்கொள்ளலாம். பங்காளி மாற்று மதத்தவராக இருந்தாலும் கூட்டுச் செல்லும். வட்டியும் ஹராமான சரக்கும் கலவாதபடி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பங்காளி மவுத்தானால்

ஷாபிஈ மத்ஹபில் ஒரு பங்காளி இறந்தாலோ, புத்தி சுவாதீனம் இழந்தாலோ கூட்டு முறிந்துவிடும். பாகஸ்தச் சட்டத்தின் 42-ஆம் பிரிவும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மரணத்தால் நிறுவனம் கலையும் என்கிறது. ஷரீஅத்தும் சட்டமும் ஒன்றாகச் சொல்லும் அபூர்வமான இடம் இது. ஆனால் நடப்பதென்ன? மய்யித்தை அடக்கிவிட்டு வந்த மறுநாளும் கடை திறக்கிறது. கணக்கு மட்டும் திறக்கப்படுவதில்லை. இறந்த தேதிக்கு இருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது அனைத்தையும் எழுதி, 30 நாளுக்குள் வாரிசுகளிடம் காட்டுவதென்று ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்துப் போடுங்கள். கடனும் வஸிய்யத்தும் போக, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. மகனுக்கு மகளைப்போல் இரு பங்கு. தாய் தந்தை இருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு. வாரிசுகள் விரும்பினால் புது ஒப்பந்தம் செய்து தொடரலாம். வயது வராத யதீம் பங்காளியாக முடியாது. மற்றப் பங்காளிகளின் சம்மதத்தோடு 30-ஆம் பிரிவின்படி லாபத்தின் பயனில் மட்டும் சேர்க்கப்படலாம். நஷ்டத்துக்கு அவனுடைய சொந்தச் சொத்தைத் தொடமுடியாது.

கம்பெனியில் ஒருவர் மவுத்தானாலும் கம்பெனி நிலைத்திருக்கும். பங்குகள் மட்டும் வாரிசுகளுக்குப் போகும். இங்கே 'நாமினி' என்ற சொல் நம்மவர்களைக் குழப்புகிறது. ஒரே ஒருவர் நடத்தும் ஒரு நபர் கம்பெனியில் நாமினியைக் குறித்தே ஆகவேண்டும். மூத்த மகன் பெயரை எழுதிவிட்டால் எல்லாம் அவனுக்கே என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. பங்குகளுக்கு நாமினியாக இருப்பதனால் மட்டும் ஒருவர் முழு உடைமையாளர் ஆகிவிடமாட்டார், வாரிசுரிமைச் சட்டமே மேலோங்கும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்கு 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி மீராஸ் பொருந்தும். ஆகவே நாமினி ஓர் அமானிதக்காரர். தங்கைகளின் பங்கை எடுத்துக் கொடுக்கும் கடமை அவர் கழுத்தில் இருக்கிறது.

ஜகாத்

கடைசியாக ஒரு மஸ்அலா. ஷாபிஈ மத்ஹபின் பிந்திய கூற்றுப்படி, ஒன்றாகக் கலந்த வியாபார முதலை ஒரே ஆளின் பொருள்போல் கணக்கிட வேண்டும். தனித்தனியே எடுத்தால் எவருடைய பங்கும் நிஸாபை எட்டாமல், மொத்தமாக எட்டினாலும் ஜகாத் கடமையாகும். பங்காளிகளில் முஸ்லிமல்லாதவர் இருந்தால் அவர் பங்கைச் சேர்க்காமல் மற்றவர்கள் தம் பங்கை மட்டும் பார்க்க வேண்டும். வள்ளம், வலை, ஐஸ் பெட்டி, எடை மேடை போன்ற தொழிற் கருவிகளில் ஜகாத் இல்லை. கடலில் தாமே பிடித்த மீனிலும் இல்லை. விற்பதற்காக விலைக்கு வாங்கி இருப்பில் வைத்திருக்கும் நண்டு, கருவாடு, நாற்று, கைரொக்கம், திரும்பி வருமென்று நம்பத்தக்க கடன் பாக்கி இவற்றைக் கூட்டி நாற்பதில் ஒன்று கொடுக்க வேண்டும்.

ஆடிட்டர் மார்ச் 31-இல் கணக்கை முடிப்பார். ஜகாத்தின் வருடமோ பிறைக் கணக்கில் 354 அல்லது 355 நாளில் முடிந்துவிடும். மார்ச் கணக்கையே வைத்துக் கொடுத்து வந்தால், முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ ஓராண்டு ஜகாத் விடுபட்டுப் போகும். ஆகவே தொழில் தொடங்கிய பிறைத் தேதியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே ஆங்கிலத் தேதியோடு சேர்த்து எழுதி, ஆண்டுதோறும் அன்றைக்கு இருப்பெடுக்க வேண்டும். பிறைத் தேதியில் இருப்பெடுக்க இயலாதவர்கள், சூரிய ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்குப் பதிலாக 2.577 சதவீதம் என்று கணக்கிட்டுக் கொடுக்க இக்கால உலமாக்கள் வழி கூறியிருக்கிறார்கள்.